வழிநூல் கொண்டு வரலாறு கற்றல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தொலைவிலுள்ள ஒரு நாட்டின் வரலாற்றைக் கற்கும் மாணவர், அந்நாட்டு ஆவணங்களைக் கையிலெடுத்துப் படிக்கும் வாய்ப்பைப் பெறுவது அரிது. பிறர் ஆராய்ந்து எழுதிய நூல்களே அவருக்கு வாயில்கள். அவ்வாயில்களின் வழியே எவ்வளவு காணலாம்? எங்கே ஐயுற வேண்டும்? எங்கே நின்றுவிட வேண்டும்? தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள ஜூஜுவாடியிலிருந்து அமெரிக்க வரலாற்றைக் கற்க முனையும் மாணவர் ஒருவருக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

முதலும் வழியும்

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்துக் காணும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் இப்பகுப்பைக் கூறுவதோடு, தொகுத்தல், விரித்தல், தொகையும் விரியுமாக அமைத்தல், மொழிபெயர்த்தல் என வழிநூலை நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் இவற்றுடன் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. இலக்கண நூலார் கூறும் முதல்நூலும் வரலாற்றறிஞர் கூறும் முதன்மைச் சான்றும் ஒன்றல்ல. ஆயினும், ஒரு நூல் எதன் வழி வந்தது, வரும் வழியில் எதைச் சுருக்கியது, எதை விரித்தது என்று கேட்கும் பழக்கம் இரண்டிற்கும் பொது.

ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்தில், அதில் பங்கேற்றவராலோ அதனைக் கண்டவராலோ உருவாக்கப்பட்ட கடிதம், நாட்குறிப்பு, ஒப்பந்தம், கணக்கேடு, நாணயம், கல்வெட்டு முதலியன முதன்மைச் சான்றுகள். அவற்றை ஆராய்ந்து பின்னர் எழுதப்படும் நூல்களும் கட்டுரைகளும் இரண்டாம் நிலைச் சான்றுகள். பாடநூலும் கலைக்களஞ்சியமும் பெரும்பாலும் இரண்டாம் நிலைச் சான்றுகளையே சுருக்கித் தருவதால் அவற்றை மூன்றாம் நிலையில் வைப்போரும் உண்டு.

இப்பகுப்பு நூலைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. கேட்கப்படும் வினாவையும் பொறுத்தது. ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில், 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்பறையில் தாம் கண்ட ஓவியம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். திப்பு சுல்தானின் படையினர் ஆங்கிலேயர்மீது ராக்கெட்டுகளை ஏவும் காட்சி அது. கலாமின் அமெரிக்கப் பயணத்தை ஆராய்வோருக்கு இந்நூல் முதன்மைச் சான்று. திப்புவின் போர்முறையை ஆராய்வோருக்கோ அது முதன்மைச் சான்றாகாது. ஒரே பக்கம், வினா மாறும்போது தன் நிலையை மாற்றிக்கொள்கிறது.

ஒருவர், பல வரலாறுகள்

ஓசூரிலிருந்து பெங்களூருவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு முன்னர் அமைந்த தமிழக எல்லைப்பகுதி ஜூஜுவாடி. தொழிற்சாலைகளும் சரக்குந்துகளும் நிறைந்த இப்பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் அன்றாடம் ஒலிக்கின்றன. இந்நிலப்பகுதியின் வரலாறும் அமெரிக்க வரலாறும் ஒரு மனிதரிடத்தில் சந்திக்கின்றன. அவர் காரன்வாலிஸ்.

அமெரிக்க விடுதலைப் போரைக் கூறும் நூல்களில் காரன்வாலிஸ் தோற்ற தளபதி. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் அவருடைய படை, ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையிலான அமெரிக்கப் படையிடமும் பிரெஞ்சுப் படையிடமும் சரணடைந்தது. அதனுடன் அவர் கதையைப் பல அமெரிக்க நூல்கள் முடித்துவிடுகின்றன. இந்தியப் பாடநூல்களில் அவர் 1786இல் தலைமை ஆளுநராகத் தோன்றுகிறார். 1793இன் நிலையான நிலவரித் திட்டம் அவர் பெயரோடு நிலைத்துள்ளது. அவர் முன்னரே ஒரு பெருந்தோல்வியைக் கண்டவர் என்பது இங்கே எப்போதேனும்தான் சொல்லப்படுகிறது. அயர்லாந்து வரலாற்றிலோ, 1798ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டபோது அந்நாட்டை ஆண்டவர் அவர்.

மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் தாமே படை நடத்தினார். 1791 மார்ச்சில் பெங்களூருக் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. இவ்வெற்றிக்காகவே அவருக்கு மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. யார்க்டவுனில் தோற்றவர், பத்து ஆண்டுகள் சென்றபின் ஓசூர் வட்டாரத்தில் வென்றவர் ஆனார்.

மேற்கூறிய நூல்களில் எதுவும் பொய் கூறவில்லை. ஒவ்வொன்றும் தன் நாட்டுக்கு வேண்டிய பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டது. வழிநூல் ஒன்றை மட்டும் படிப்பவர் ஒரு துண்டை முழுமையென்று கொள்வார். வெவ்வேறு நாட்டார் எழுதிய இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு வெட்டப்பட்ட விளிம்புகள் தெரியத் தொடங்கும்.

சுருக்கத்தால் நேரும் பிழை

வழிநூலின் இயல்பு சுருக்குதல். சுருக்கும்போது உண்மை சில வேளை சிதைகிறது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது என்று ஒரு நூல் கூறுவதாகக் கொள்வோம். படிப்பதற்கு அது தெளிவான செய்தி. ஆனால் அவ்வாண்டு ஆங்கிலேயருக்குக் கிடைத்தது மலைத்தொடருக்குக் கீழே அமைந்த பாரமகால் பகுதி. கிருஷ்ணகிரி அதனுள் அடங்கும். மேட்டுநிலத்தில் உள்ள ஓசூர்ப் பகுதி மீண்டும் திப்புவின் ஆட்சிக்கு உட்பட்டது. 1799இல் நான்காம் மைசூர்ப் போரில் திப்பு வீழ்ந்த பின்னரே அது ஆங்கிலேயரிடம் சென்றது. கிருஷ்ணகிரி மாவட்டம் என்னும் நிருவாக அமைப்போ 2004இல்தான் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பிற்காலப் பெயரை முற்காலத்தின்மீது போர்த்தியதால் ஏழு ஆண்டுகால வேறுபாடு மறைந்துபோகிறது.

அமெரிக்க வரலாற்றைப் படிக்கும்போதும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட விடுதலைச் சாற்றுரை, பதின்மூன்று குடியேற்றங்களின் அறிவிப்பு. இன்றைய ஐம்பது மாநிலங்களைக் கொண்ட நாடு அன்று இல்லை. 'அமெரிக்கா விடுதலை பெற்றது' என்னும் தொடரைப் படிக்கும் மாணவர், எந்த நிலப்பரப்பு, எந்த மக்கள் என்று கேட்க வேண்டும். அன்று அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு அவ்விடுதலை வரவில்லை. 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாம் சட்டத்திருத்தமே அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்தது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில், ஜான் டிரம்புல் வரைந்த 'காரன்வாலிஸ் பிரபுவின் சரணடைவு' என்னும் ஓவியம் உள்ளது. உடல்நலமின்மையைக் காரணங்காட்டிக் காரன்வாலிஸ் அந்நிகழ்ச்சிக்கு வரவில்லை. சார்லஸ் ஓஹாரா என்னும் அதிகாரியை அனுப்பினார். ஓவியத்தின் தலைப்பை மட்டும் படிப்பவர், நடுவில் வெள்ளைக் குதிரைமீது உள்ளவரைக் காரன்வாலிஸ் எனக் கருதக்கூடும். அவர் அமெரிக்கத் தளபதி பெஞ்சமின் லிங்கன்.

திப்புவின் மைந்தர் இருவர் 1792இல் பிணையாகக் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டதும் பலரால் ஓவியமாக்கப்பட்டது. அவர்களுள் இராபர்ட் ஹோம் படையுடன் சென்றவர். மேதர் பிரவுன் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர், இந்தியாவுக்கு வராதவர். சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள காரன்வாலிஸ் சிலையின் பீடத்திலும் அக்காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கண்டு வரைந்ததும் கேட்டு வரைந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். சான்றாகும்போது அவை ஒன்றல்ல.

பெருமிதமும் சான்றும்

தன் மண்ணுக்கும் உலக வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு என்று அறியும்போது மாணவர் மனம் மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சியே ஆராய்ச்சிக்கு இடையூறாகவும் ஆகக்கூடும். இரண்டு செய்திகளைச் சான்றாகக் காணலாம்.

1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் ஜோஷுவா பார்னி தலைமையிலான பென்சில்வேனியக் கப்பல் ஒன்று, 'ஜெனரல் மாங்க்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலைக் கைப்பற்றியது. வென்ற கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. அமெரிக்கக் கவிஞர் பிலிப் ஃபிரெனோ அக்கப்பலைப் பாடினார். 1780இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை முறியடித்த மைசூர் ஆட்சியாளரின் புகழ் அட்லாண்டிக் கடலைக் கடந்திருந்தது என்பதற்கு இப்பெயரே சான்று. 1778இல் பிரான்சு அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்ததும், 1779இல் ஹைதர் அலியின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹியை ஆங்கிலேயர் கைப்பற்றியதும், அதன்பின் இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டதும் ஒரு தொடராக அமைந்தவை. இவ்வளவும் சான்றுக்கு உட்பட்டது. 'மைசூரின் உதவியால் அமெரிக்கா விடுதலை பெற்றது' என்று எழுதுவதோ சான்றைத் தாண்டுவது. ஒரே பேரரசை இருவர் எதிர்த்தனர் என்பது வேறு; ஒருவருக்கொருவர் உதவினர் என்பது வேறு.

இரண்டாவது செய்தி ராக்கெட்டைப் பற்றியது. 1814 செப்டம்பரில் பால்டிமோர் நகரின் மெக்ஹென்றி கோட்டையை ஆங்கிலேயக் கடற்படை தாக்கியது. அதனைக் கண்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடலில் ராக்கெட்டுகள் இடம்பெறுகின்றன. அப்பாடல் 1931இல் அமெரிக்க நாட்டுப்பண் ஆயிற்று. அந்த ராக்கெட்டுகளை உருவாக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் காங்கிரீவ். 1799க்குப் பின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை காங்கிரீவின் முயற்சிக்குத் தூண்டுதல் ஆயின என்பதைப் பலர் ஏற்கின்றனர். அத்தூண்டுதலின் அளவு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெங்களூருவில் பணியாற்றிய வானூர்தி அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மா 1985இல் வெளியிட்ட ஆய்வுரை, மைசூர் ராக்கெட்டுகளின் இரும்பு உறையே அவற்றின் ஆற்றலுக்கு அடிப்படை என விளக்கியது. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன. புதிய முதன்மைச் சான்று கிடைக்கும்போது, அதற்கு முன் எழுந்த வழிநூல்கள் அனைத்தும் மறுபடியும் படிக்கப்பட வேண்டியவை ஆகின்றன.

காரன்வாலிஸின் படை ஜூஜுவாடி வழியாகவே ஓசூரை அடைந்தது என்று எழுத ஒரு மாணவர் விரும்பலாம். இன்றைய சாலையை நோக்கினால் அது பொருத்தமான ஊகமே. ஓசூர் கைப்பற்றப்பட்டது என்பது சான்றால் நிறுவப்பட்ட செய்தி. படை இவ்வூரைக் கடந்தது என்பது, அக்கால வரைபடமோ நாட்குறிப்போ ஊரின் பெயரைச் சுட்டும்வரை, ஊகம் என்றே எழுதப்பட வேண்டும். ஊகத்தை ஊகம் என்று எழுதுவது குறையன்று. அதுவே வரலாற்று மாணவரின் நேர்மை.

வழிநூல்கள் மாறுவது ஏன்?

முதன்மைச் சான்றுகள் மாறாமல் இருக்க, அவற்றைப் பற்றிய நூல்கள் மாறுவது உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், 1865 முதல் 1877 வரையிலான காலம் மறுசீரமைப்புக் காலம் எனப்படும். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றுச் சட்டமன்றங்களில் அமர்ந்த காலம் அது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும், அக்காலத்தை ஊழலும் சீர்கேடும் மிக்கதாகச் சித்திரித்தனர். கறுப்பின மக்கள் ஆளத் தகுதியற்றோர் என்னும் எண்ணம் அவ்வெழுத்துகளில் ஊடாடியது. பல்லாண்டுகள் அமெரிக்கப் பள்ளிகள் அக்கருத்தையே கற்பித்தன.

1935இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அதனை மறுத்து 'அமெரிக்காவில் கறுப்பினரின் மறுசீரமைப்பு' என்னும் பொருள்படும் பெருநூலை எழுதினார். பொதுப்பள்ளிகளும் மக்களாட்சி உரிமைகளும் தென்மாநிலங்களில் வேரூன்ற அம்மக்கள் ஆற்றிய பணியை அவர் நிறுவினார். நூலின் இறுதி இயலில், வரலாறு எவ்வாறு பரப்புரையாக மாற்றப்பட்டது என்பதை அக்காலப் பாடநூல்களைக்கொண்டே காட்டினார். அறிஞர் உலகம் அவர் கருத்தைப் பரவலாக ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. குடியுரிமை இயக்கம் வலுப்பெற்ற பின்னரே அது நிகழ்ந்தது.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. தவறான வழிநூல் ஏட்டளவில் நிற்பதில்லை. ஒரு மக்கள் ஆளத் தகுதியற்றோர் என்று வரலாறு கூறினால், அவர்தம் வாக்குரிமையைப் பறிப்போர்க்கு அவ்வரலாறு துணையாகிறது.

இந்தியர் எழுதிய அமெரிக்கா

அமெரிக்காவைப் பற்றி இந்தியர் எழுதியவையும் மாணவருக்குப் பயன்படும். லாலா லஜபதி ராய் அமெரிக்காவில் தங்கியிருந்து, அந்நாட்டைப் பற்றிய நூல் ஒன்றை 1916இல் வெளியிட்டார். அங்குள்ள இனவேறுபாட்டை இந்தியச் சாதிவேறுபாட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. ஜவகர்லால் நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் அமெரிக்காவும் இடம்பெறுகிறது. கைக்குக் கிடைத்த சில நூல்களையும் தம் குறிப்புகளையும் கொண்டு எழுதப்பட்ட அது, வழிநூல்களிலிருந்து பிறந்த வழிநூல். அமெரிக்க வரலாற்றின் ஒவ்வொரு விவரத்திற்கும் அதனை நாடுதல் பொருந்தாது. அடிமைப்பட்ட நாட்டின் தலைவர் ஒருவர் அமெரிக்காவை எவ்வாறு நோக்கினார் என்பதற்கு அது ஈடற்ற சான்று.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராஜாஜி. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டி, காந்தி அமைதி நிறுவனக் குழுவுடன் 1962 செப்டம்பரில் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். அச்சந்திப்பை அறிய, ராஜ்மோகன் காந்தி எழுதிய இராஜாஜி வாழ்க்கை வரலாறு உதவும். நூலாசிரியர் இராஜாஜியின் பெயரர். இவ்வுறவால் குடும்ப நினைவுகளும் கடிதங்களும் அவருக்கு எளிதில் கிட்டின. அதே உறவு அன்பின் சாய்வையும் உண்டாக்கக்கூடும். இரண்டையும் மனத்திற்கொண்டு படிப்பதே முறை.

வழிநூலை அணுகும் முறை

இரண்டாம் நிலைச் சான்று ஒன்றைக் கையிலெடுக்கும் மாணவர் பின்வரும் வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

1. எழுதியவர் யார்? எந்த நாட்டில், எந்த ஆண்டில், யாருக்காக எழுதினார்?
2. எந்த முதன்மைச் சான்றுகளைக்கொண்டு எழுதினார்? அவற்றைச் சுட்டியுள்ளாரா?
3. செய்தி எது? செய்தியிலிருந்து அவர் பெற்ற முடிவு எது?
4. இதே பொருளைப் பற்றி வேறொரு பார்வையுடையவர் எழுதியது யாது? இருவரும் எங்கே ஒன்றுபடுகின்றனர்? எங்கே மாறுபடுகின்றனர்?
5. யாருடைய குரல் இந்நூலில் ஒலிக்கவில்லை?

இரண்டு நூல்கள் ஒரே செய்தியைக் கூறுவதால் மட்டும் அது இருமடங்கு உறுதியாகிவிடாது. இரண்டாம் நூல் முதல் நூலைப் பார்த்து எழுதியிருக்கலாம். தனித்தனி வழிகளில் வந்த இரு சான்றுகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போதே உறுதி பிறக்கிறது.

வழிநூல் காட்டிய திசையில் முதன்மைச் சான்றை எட்டிப்பார்க்கவும் இன்று வாய்ப்பு உண்டு. வாஷிங்டன் முதலியோரின் கடிதங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013 முதல் இணையத்தில் வழங்கிவருகிறது. வழிநூலில் மேற்கோளாகக் காணும் ஒரு தொடர், மூலக் கடிதத்தில் எந்தச் சூழலில் வந்துள்ளது என்பதை ஜூஜுவாடியிலுள்ள மாணவரும் சரிபார்க்க முடியும்.

தன் ஊரும் பிறர் எழுத்தும்

கடல்கடந்த நாட்டைக் கற்கும்போது பெறும் இப்பயிற்சி தன் ஊருக்குத் திரும்பும்போது பெரும்பயன் தரும். ஓசூர் வட்டாரத்தைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட பழைய நூல்களுள் குறிப்பிடத்தக்கவை, 1883இல் லெ ஃபனு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடியும் ஆகும். இருவரும் ஆங்கிலேய ஆட்சி அலுவலர். நிலவரியும் மழையும் கோட்டைகளும் அவற்றில் நுட்பமாகப் பதிவாகியுள்ளன. ஏர் உழுதவரும் நீர் சுமந்தவரும் தம்மைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதை அறிய, இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நடுகற்களையும், மும்மொழிகளிலும் வழங்கும் வாய்மொழி வழக்காறுகளையும் நாட வேண்டும்.

தொழிற்சாலைகள் வந்தபின் வயல்கள் மனைகளாயின. சோதனைச் சாவடியில் சரக்குந்துகள் வரிசையில் நின்ற காலமும், 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அது மாறிய காலமும் இன்று வாழ்வோரின் நினைவில் உள்ளன. அவற்றை இன்றே எழுதிவைத்தால் நாளைய ஆராய்ச்சியாளருக்கு அவை முதன்மைச் சான்றுகள். எழுதாமல் விட்டால், பிறர் எழுதும் வழிநூலே இவ்வூரின் வரலாறாக எஞ்சும்.

கற்பவை கற்றபின்

1. காரன்வாலிஸைப் பற்றி உங்கள் வரலாற்றுப் பாடநூலும் கலைக்களஞ்சியம் ஒன்றும் கூறும் செய்திகளைத் தொகுத்து, ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் மூவரைச் சந்தித்து, ஊரில் நேர்ந்த ஒரு மாற்றத்தைப் பற்றி அவர்கள் கூறுவனவற்றைப் பதிவு செய்க. மூவர் கூற்றும் மாறுபடும் இடங்களைத் தனியே சுட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஓசூர்ப் பகுதி திப்புவின் ஆட்சியிலிருந்து நிலையாக ஆங்கிலேயரிடம் சென்ற ஆண்டு
அ) 1781 ஆ) 1791 இ) 1792 ஈ) 1799

2. வழிநூலுடன் சார்புநூலையும் சேர்த்துக் கூறும் இலக்கண நூல்
அ) தொல்காப்பியம் ஆ) நன்னூல் இ) தண்டியலங்காரம் ஈ) புறப்பொருள் வெண்பாமாலை

குறுவினா

1. முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று வேறுபடுத்துக.
2. 'ஹைதர் அலி' என்னும் கப்பற்பெயர் எதற்குச் சான்றாகிறது? எதற்குச் சான்றாகாது?

சிறுவினா

1. ஒரே நூல் ஒரு வினாவிற்கு முதன்மைச் சான்றாகவும் மற்றொன்றிற்கு அவ்வாறு ஆகாமலும் இருப்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. டு பாய்ஸின் நூல், அதற்கு முன் எழுந்த வரலாற்று நூல்களின் எக்குறையை வெளிப்படுத்தியது?

நெடுவினா

'ஊகத்தை ஊகம் என்று எழுதுவதே வரலாற்று மாணவரின் நேர்மை' என்னும் கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவி, உங்கள் ஊரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றை இம்முறையில் ஆராய்ந்து எழுதுக.